வேலியும் கொப்பியும்: குடாநாட்டுச் சந்தையில் தகவல் தொழில்நுட்பம்

வளர்ந்துவரும் பொருளாதாரங்களில் வெளிநாட்டுக் கம்பனிகளும் உள்ளூர்க் கம்பனிகளும் போட்டியிடத் தகவல் தொழில்நுட்பம் எவ்வகையில் கைகொடுக்கிறது என்பது இந்தச் சொற்பொழிவுக்குக் குறிக்கப்பட்ட பொருள். இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து தொடங்குவார்கள். அமெரிக்க ஈபே, ஈச்நெற் என்ற சீனக் கம்பனியை 2003 இல் முழுதாக வாங்கிக்கொண்டு அந்தச் சந்தை தன் கைக்குள் வந்துவிட்டதென்று நினைத்தது. அதே ஆண்டு அலிபாபா தொடங்கிய தாவோபாவோ, விற்பவரிடம் கட்டணம் அறவிடாமல், வாங்குபவரும் விற்பவரும் நேரே பேரம்பேச இடம் கொடுத்து, 2006 முடிவதற்குள் ஈபேயை ஒதுங்கவைத்தது. நல்ல கதைதான், ஆனால் பெரிய நாட்டின் கதை. நூறு கோடிக்கு மேற்பட்ட சனத்தொகையைப் பின்னால் வைத்துக்கொண்டு வெல்வது ஒன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 5 இலட்சத்து 84 ஆயிரம் பேரளவில் வாழ்ந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு வியாபாரம் நின்றுபிடிப்பது வேறொன்று. நம்முடைய கேள்வி இரண்டாவது.

ஆனையிறவுக்கு வடக்கே நின்று பார்க்கும்போது முதலில் குழம்புபவை ‘வெளிநாடு’, ‘உள்ளூர்’ என்ற சொற்கள்தான். கார்கில்ஸ் 1844 இல் பிரித்தானியர் தொடங்கிய வியாபாரம். இன்று அது இலங்கைக் கம்பனி. டயலொக் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பனி; அதன் பெரும்பங்கு மலேசியாவின் அக்சியாட்டாவிடம் இருக்கிறது. சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு இரண்டும் தெற்கிலிருந்து வந்தவை, அவ்வளவே. ஆகவே இந்த உரையில் உள்ளூர் என்று நான் சொல்வது, தீர்மானங்கள் குடாநாட்டுக்குள்ளேயே எடுக்கப்படுகிற வியாபாரத்தை. மற்றவர்கள், மூலதனம் எந்த நாட்டுடையதாயினும், வெளியார். பொருளியல் பாடநூல் இந்தப் பிரிப்பை ஏற்காது. இங்கே கடை நடத்துகிறவர் ஏற்பார்.

யாழ்ப்பாணத்து வளவுக்கு வேலி எப்படியோ, யாழ்ப்பாணத்து வியாபாரத்துக்குத் தூரம் அப்படி. யாழ்தேவி ரயில் 1990 இல் நின்றது. யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபரில். ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்த 2009 க்குப் பிறகே மறுபடி திறந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் முதல் பல சாமான்களை உள்ளூரிலேயே செய்யப் பழகினார்கள். அந்த நாட்களின் கெட்டித்தனத்தை ஏக்கத்தோடு பேசுவோர் இன்றும் உண்டு. கெட்டித்தனம் உண்மை, அந்தப் பந்தயத்தில் எதிரே ஓட ஆள் இருக்கவில்லை என்பதும் உண்மை. தகவல் தொழில்நுட்பம் செய்கிற அடிப்படையான வேலை தூரத்தின் விலையைக் குறைப்பது. தூரம் வெளியாருக்குத் தடையாகவும் உள்ளூராருக்கு வேலியாகவும் இருந்தபடியால், அந்த விலை விழும்போது இருவருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. வெளியார் உள்ளே வருவது உடனே நடந்துவிடும். உள்ளூரார் வெளியே போவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தலைக்குள்ளும் கொப்பிக்குள்ளும் கிடக்கிற தன் அறிவை இடம்விட்டு இடம் போகக்கூடிய கணக்காக மாற்றி, அந்தக் கணக்கைத் தன் கைவசமே வைத்திருக்கிற வியாபாரம் நிற்கும். மாற்றாதது ஒடுங்கும். மாற்றி அதைப் பிறர் கையில் கொடுத்துவிட்டது, தன் பெயர்ப்பலகையின் கீழேயே பிறருக்குக் கூலிக்கு நிற்கும். இதுதான் என் வாதம்.

கொப்பி என்று சொன்னதை உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுங்கை முடக்கில் இருக்கிற எந்தச் சின்னக் கடையிலும் மேசை லாச்சிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். மட்டை பிய்ந்திருக்கும், பேனை நூலில் கட்டித் தொங்கும். பக்கத்தின் தலைப்பில் இருப்பது அடையாள அட்டைப் பெயராக இராது. ‘கோயிலடி மாஸ்ரர்’, ‘சிவப்புக் கேற்’, ‘மெக்கானிக்கின்ர தாய்’ என்று இருக்கும். கீழே திகதி, சாமான், தொகை: சீனி ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரைப் போத்தல், பால்மா ஒரு பைக்கற். சில தொகைகளின் மேல் குறுக்குக் கோடு; சிலவற்றின் பக்கத்தில் ‘25 க்குப் பிறகு’ என்ற குறிப்பு, அதாவது அரச சம்பளம் விழுந்தபிறகு. வேறொரு பக்கத்தில் ‘வெங்காயம் பிடுங்கினதும்’. இன்னொன்றில் ‘மகன் அனுப்பினதும்’. இதில் வட்டி இல்லை, பிணை இல்லை, கையொப்பம் இல்லை. யாருக்கு எவ்வளவு தூரம் கொடுக்கலாம், யாரிடம் எப்போது கேட்கக்கூடாது, எந்த வீட்டில் செத்த வீடு நடந்து ஒரு மாதம் ஆகவில்லை என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். இலங்கையில் கடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. வங்கிக்குப் போகிற எவருக்கும் அதன் அறிக்கை தலைவிதி மாதிரி. ஆனால் அந்த அறிக்கையில் இல்லாத பாதி ஊர் இந்தக் கொப்பியில் இருக்கிறது. எந்தப் பன்னாட்டு வங்கியும் காசு கொடுத்து வாங்க விரும்பும் தகவல் அது. கடைக்காரர் கண்மூடினால் அதுவும் அவரோடு போய்விடும்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தருண் கன்னாவும் கிருஷ்ண பலேப்புவும் 1997 இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் பெயர் வைத்தது: நிறுவன வெற்றிடம். வளர்ந்த நாடுகளில் கடன் மதிப்பீடு, தரச்சான்று, வேகமான நீதிமன்றம், நம்பக்கூடிய விளம்பரம் என்று வியாபாரத்தைச் சுற்றி ஒரு சட்டகம் உண்டு. வளர்ந்துவரும் நாடுகளில் அதில் பல துண்டுகள் இல்லை. இல்லாத இடத்தை உறவு, ஊர், சாதி, கோயில், பழக்கம் ஆகியவை நிரப்புகின்றன. அவற்றை அறியாத வெளியார் முன்பு இங்கே வரத் தயங்கினார்கள். வந்தால் உள்ளூர் முகவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இப்போது முகவர் தேவைப்படுவது குறைகிறது. யாழ்ப்பாண நகரில் 2013 இல் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோது அங்கே வந்தது குளிரூட்டிய கட்டடமும் திரையரங்கும் மட்டும் என்று பலர் எண்ணினார்கள். அதோடு சேர்ந்து வந்த பட்டைக்கோடு வாசிக்கும் காசாளர் இயந்திரம், ஒவ்வொரு பொருளும் எந்த மணிக்கு எந்தப் பொருளோடு சேர்ந்து விற்றது என்று தெற்கே சொல்லிக்கொண்டிருக்கிறது. கீல்ஸ் குழுமத்தின் நெக்ஸஸ் புள்ளிக் கணக்கு, தொலைபேசி இலக்கத்தை வைத்தே வாடிக்கையாளரை நினைவில் வைத்திருக்கிறது. கோயிலடி மாஸ்ரரை அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அவர் மாதத்தில் எத்தனையாம் திகதி பால்மா வாங்குவார் என்பது தெரியும். விற்பதற்கு அது போதும். கொப்பிக்கு எதிரே இன்னொரு கொப்பி. ஒன்று ஒருவரின் தலையோடு கட்டுப்பட்டது, மற்றது எங்கிருந்தும் படிக்கக்கூடியது.

தொலைத்தொடர்பில் இந்த நாடகம் வேறொரு வேகத்தில் நடந்தது. இந்தியாவின் எயார்டெல் 2009 ஜனவரியில் இலங்கையில் சேவை தொடங்கியபோது இங்கே ஐந்து கைத்தொலைபேசிக் கம்பனிகள். அழைப்புக் கட்டணம் விழுந்த வேகத்தைக் கண்டு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2010 இல் குறைந்தபட்சக் கட்டணம் விதிக்கவேண்டி வந்தது. போர் முடிந்த கையோடு வடக்குக்கு வந்த கோபுரங்கள் இந்தப் போட்டிக் காலத்தவை. மலிவான அழைப்பும் மலிவான இணையமும் குடாநாட்டுக்குக் கிடைத்தது அவற்றால். பிறகு என்ன நடந்தது? எதிசலாத்தும் ஹட்சும் 2018 இல் ஒன்றாகின. எயார்டெல் லங்காவை 2024 ஜூனில் டயலொக் உள்வாங்கியது. ஐந்து மூன்றாயிற்று. நுழையும்போது தொழில்நுட்பம் கதவைத் திறந்தது. நிலைத்தபிறகு கோபுரம், அலைவரிசை, கணக்கேடு மூன்றையும் பெரிதாக வைத்திருந்தவர் பக்கம் சாய்ந்தது. இதில் குடாநாட்டுக்காரரின் பங்கு ரீலோட் கடைதான். நூறு ரூபாய் மீள்நிரப்பினால் கடைக்கு எஞ்சுவது சில ரூபாய். வாடிக்கையாளர் யார், எவ்வளவு பேசுகிறார், எந்த நாட்டுக்குப் பேசுகிறார் என்ற கணக்கு கடையில் தங்குவதில்லை. கூலிக்கு நிற்பது என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

உள்ளூர்க் கம்பனி வெளிநாட்டுக் கம்பனியை எதிர்த்து நிற்க முடியும் என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. வாடகை வண்டிச் செயலியான பிக்மி 2015 இல் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் ஊபர் கொழும்புக்கு வந்தது. உலகெங்கும் காரை நினைத்துச் செய்யப்பட்ட ஒரு செயலிக்கு, இந்த நாட்டில் சனம் ஏறுவது முச்சக்கரவண்டியில் என்பது உறைக்கக் காலம் எடுத்தது. பிக்மி முதலே அதைப் பிடித்துக்கொண்டது. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ளூர்ப் போட்டியாளரிடம் வியாபாரத்தைக் கையளித்துவிட்டுப் போன ஊபரால் இங்கே பிக்மியை விழுங்க முடியவில்லை. பிக்மி 2024 இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. இன்னும் பெரிய சான்று மிலெனியம் ஐ.ரி. இலண்டன் பங்குச் சந்தையின் வணிக மென்பொருள் 2008 செப்டெம்பர் 8 ஆம் திகதி ஏறத்தாழ ஏழு மணிநேரம் முடங்கிக் கிடந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சந்தை, கொழும்பில் 1996 இல் தொடங்கப்பட்ட மிலெனியம் ஐ.ரி.யை மூன்று கோடி டொலருக்கு வாங்கி, 2011 பெப்ரவரியில் இலங்கையர் எழுதிய மென்பொருளுக்கு மாறியது. வெற்றிதான். வாங்கப்பட்ட பிறகு அது யாருடைய வெற்றி என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்வோம்.

இங்கே முதலாவது ஆட்சேபம் எழும். அமெரிக்கரான நிக்கலஸ் கார் 2003 இல், தகவல் தொழில்நுட்பம் மின்சாரம்போல எல்லோருக்கும் கிடைக்கிற பொதுப்பண்டமாகிவிட்டது, ஆகவே அதனால் எவருக்கும் தனி அனுகூலம் இல்லை என்று வாதாடினார். கடையில் கணினி வைத்தால் பக்கத்துக் கடையும் வைக்கும். பிறகு என்ன மிச்சம்? இயந்திரத்தைப் பொறுத்தவரை கார் சொன்னது சரி. வட்ஸ்அப் யாழ்ப்பாணத்திலும் ஒன்று, இலண்டனிலும் ஒன்று. ஆனால் மின்சாரத்துக்கு ஞாபகம் இல்லை, கணினிக்கு உண்டு. ஒரே மென்பொருளை வைத்திருக்கிற இரண்டு கடைகளில், பத்து வருடக் கணக்கு ஏறியிருக்கிற கடையும் நேற்று வாங்கிய கடையும் ஒன்றல்ல. பொதுப்பண்டமானது கம்பி. அதில் ஓடுகிற ஊர்ப்புத்தி பொதுப்பண்டம் ஆகவில்லை. அதனால்தான் கம்பியை இலவசமாகக் கொடுத்துக் கணக்கை எடுத்துக்கொள்ளப் பெரிய கம்பனிகள் போட்டிபோடுகின்றன.

இரண்டாவது ஆட்சேபம் நம் மண்ணில் பிறந்தது. அதற்கு உரிய மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். வேலி போட்டால் என்ன என்பதே அது. வேலி போட்டு வாழ்ந்த காலம் நினைவில் இருக்கிற தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1970 முதல் 1977 வரை ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வரவில்லை. நாட்டின் மற்றப் பக்கங்கள் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற அதே ஆண்டுகளில், குடாநாட்டுத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. கல்வீடுகள் எழும்பின, கிணறுகளுக்கு நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு சந்தையைத் திறந்தது. இந்திய வெங்காயமும் மிளகாயும் வந்திறங்கின, விலை விழுந்தது, அந்தச் செழிப்பு சில ஆண்டுகளில் கரைந்தது. வேலி வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அதற்கு எதிரான சான்றும் இதற்குள்ளேயே இருக்கிறது. வேலி இருந்த ஏழு ஆண்டுகளில் விலை தானாக வந்தது. ஆகவே களஞ்சியம், தரம்பிரித்தல், எந்தச் சந்தைக்கு எந்த மாதம் எவ்வளவு என்ற கணக்கு, பெயர்பெற்ற ஒரு முத்திரை ஆகியவை கட்டப்படவில்லை. கட்ட வேண்டிய அவசரம் இருக்கவில்லை. வேலி விழுந்த அன்று உள்ளே நின்றவரிடம் மண்ணும் உழைப்பும் இருந்தன. சந்தையைப் பற்றிய எழுத்து எதுவும் இருக்கவில்லை. மேலும், அந்த வேலியின் படலை குடாநாட்டின் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைக்கும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் விசேட பண்ட வரி ஏறுவதும் இறங்குவதும் கொழும்பில் இருந்து வரும் வர்த்தமானி அறிவித்தலில்தான்.

மூன்றாவது ஆட்சேபமே வலியது: கடனில் கட்டுண்டவருக்குத் தகவல் கிடைத்தும் பயனில்லை என்பது. அதை ஓரளவு ஒப்புக்கொள்ளாமல் தப்ப முடியாது. கேரளக் கரையில் 1997 க்கும் 2001 க்கும் இடையில் கைத்தொலைபேசி பரவியபோது மத்தி மீன் சந்தைகளில் நடந்ததை றொபேட் ஜென்சன் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். முன்பு ஒரு கரையில் மீன் விலைபோகாமல் கொட்டப்படும். சில மைல் தள்ளி மீன் இல்லாமல் சனம் திரும்பும். தொலைபேசி வந்தபின் கடலில் நின்றே விலை கேட்டுக் கரையைத் தெரிந்தெடுத்தார்கள். கொட்டப்படுவது நின்றது, மீனவரின் இலாபம் சராசரி 8 வீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 வீதம் குறைந்தது. தகவல் தொழில்நுட்பத்தைப் புகழும் கட்டுரைகளில் இந்த ஆய்வு வராத கட்டுரை குறைவு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: முதலாளியிடம் முற்பணம் வாங்கிய மீனவர் நினைத்த கரைக்கு மீனைக் கொண்டுபோக முடியுமா? குருநகர், பாசையூர், பருத்தித்துறைக் கரைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வலைக்கும் இயந்திரத்துக்கும் சம்மாட்டியிடம் வாங்கிய காசு இருக்கும்வரை, நண்டுக்கு இன்றைக்குச் சிங்கப்பூரில் என்ன விலை என்பது கையிலுள்ள தொலைபேசியில் தெரிந்தாலும், நண்டு போவது அவருடைய தராசுக்கே. மரக்கறிச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு பிடிக்கும் வழக்கமும் அப்படித்தான். அது அநியாயம் என்பது தோட்டக்காரருக்குத் தெரியாமல் நடப்பதல்ல. தெரிந்தே, வேறு வழியின்றி நடப்பது. விலையை அறிவது சுதந்திரம் ஆகாது. இதனால் என் வாதம் உடையவில்லை, ஒடுங்கிக் கூர்மையாகிறது. விலைத் தகவலைக் கொடுக்கும் செயலிகளால் பெரிய பயன் இல்லை. சம்மாட்டியின் கடனுக்கு மாற்றாக இன்னொரு கடனைப் பெற்றுத்தரும் பதிவே பயன். மூன்று போகம் எத்தனை கிலோ விற்றார், என்ன விலைக்கு, எவ்வளவு கழிவு போயிற்று என்று எழுத்தில் வைத்திருக்கிற தோட்டக்காரருக்கு வங்கியில் பேச ஒரு பொருள் உண்டு. இன்று அவர் வங்கிக்குக் கொண்டுபோவது மனைவியின் நகையை.

எழுதி வை என்று சொல்வது இந்த மண்ணில் எளிதான ஆலோசனை அல்ல. பதிவு என்ற சொல்லைக் கேட்டால் இங்குள்ளவர்களுக்கு முதலில் நினைவு வருவது சோதனைச் சாவடியும் பதிவுக்கென்று எடுக்கப்பட்ட குடும்பப் படமும். யாரோ எழுதிய பட்டியலில் பெயர் இருந்ததால் வந்த வினைகளைக் கண்ட சமூகம் கொப்பியை லாச்சிக்குள் பூட்டிவைத்ததில் நியாயம் இருக்கிறது. வரித் திணைக்களம் பற்றிய பயமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமாகி, பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லை எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடி ரூபாயாக இறங்கியது கடைக்காரர் அறியாததல்ல. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பது ஒன்று. அதை நம்பிக் கொப்பியைத் திறப்பது இன்னொன்று. இதோடு மொழிச் சிக்கலும் உண்டு. குடாநாட்டில் பல ஆண்டுகளாகத் தட்டச்சான கணக்குகளும் பட்டியல்களும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் பார்த்தால் தமிழ். உள்ளே இயந்திரத்துக்கு அது ஆங்கில எழுத்துகளின் குப்பை. தேடினால் அகப்படாது, கூட்டினால் கூடாது. ஒருங்குறிக்கு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, செய்ய ஆள் இல்லாத வேலை, அவ்வளவே. எரிந்த நூலகத்தின் ஊரிலே, 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், பழைய துண்டுப்பிரசுரம் வரை தேடி வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. பயந்த சமூகமும், பதிவு தன் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால், எழுதி வைக்கும்.

உள்ளூர் வலையமைப்பொன்று வெளிநாட்டுக் கம்பனிகளையும் வங்கிகளையும் நேருக்கு நேர் தோற்கடித்த சம்பவத்தையும் சொல்ல வேண்டும், அது பெருமைப்படக்கூடியதா என்பது வேறு விடயம். ரொறன்ரோவில் ஒரு கடையில் டொலரைக் கொடுத்தால் அன்று மாலையே வீட்டு வாசலில் ரூபாய் வந்து சேருகிற உண்டியல் முறை நமக்குப் புதிதல்ல. முன்பு தொலைநகலில் நடந்தது இன்று வட்ஸ்அப்பில் நடக்கிறது. 2021 செப்டெம்பர் முதல் மத்திய வங்கி டொலரை 203 ரூபாயில் கட்டிவைத்திருந்தபோது உண்டியல்காரர் அதற்கு மேலே கொடுத்தார். வங்கி வழியாக நாட்டுக்கு வந்த பணம் 2020 இல் 710 கோடி டொலர். 2021 இல் 549 கோடி. 2022 இல் 379 கோடி. வெளிநாட்டு வேலைவாய்ப்புக் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். விலை வித்தியாசம் பெரிய காரணம். நாணயமாற்று வீதம் தளர்ந்து நிலைகொண்டபின் 2023 இல் அது 597 கோடிக்குத் திரும்பியது. பளபளப்பான செயலி வைத்திருந்த வங்கியைப் பெயர்ப்பலகையே இல்லாதவர் வென்றதற்கு அடியில் இருந்தவை இரண்டு: நல்ல விலை, தலைமுறையாக எழுதாமலே காத்த நாணயம். சட்டத்துக்கு வெளியே நிற்பதால் அது வளர்ந்து கம்பனியாக முடியாது; வழக்குப் போடவும் முடியாது. எழுதப்படாத அறிவின் பலமும் எல்லையும் ஒரே இடத்தில் தெரிவது இங்கேதான்.

அப்படியானால் கொப்பி யாரிடம் இருக்க வேண்டும்? தனிக்கடைக்காரரால் அதைக் கணினிக்கு ஏற்றிப் பேண முடியாது. அரசு கம்பி போட்டுக்கொடுத்தால் போதும் என்போர் இந்தியாவைக் காட்டுவார்கள். 2016 இல் வந்த யூ.பி.ஐ. உண்மையிலேயே பெரிய பொதுச் சாதனை. 2024 பெப்ரவரி முதல் இந்தியப் பயணிகள் இலங்கையிலும் அதனால் பணம் செலுத்துகிறார்கள். ஆனால் அந்தப் பொதுக் கம்பியின் மேல் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதியை வோல்மாட்டின் போன்பேயும் கூகுள் பேயும் வைத்திருக்கின்றன. கம்பி நாட்டுடையது, முகம் வெளியாருடையது. எனக்கு நம்பிக்கை தருவது குஜராத்தின் பால் சங்கங்கள். 1946 இல் தொடங்கிய அமுல் கூட்டுறவு, 1990 களிலேயே கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் கணினித் தராசும் கொழுப்பளவு பார்க்கும் கருவியும் வைத்தது. காலையில் பால் ஊற்றுபவர் அடுத்த நிமிடமே எத்தனை லீற்றர், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு காசு என்று அச்சிட்ட துண்டோடு வீடு திரும்புவார். அளவையில் ஏமாற்று நின்றது, உறுப்பினர் கூடினார்கள், பன்னாட்டுப் பால் கம்பனிகளால் அந்தச் சந்தையை விழுங்க முடியவில்லை. கணக்கு சங்கத்தினுடையது, சங்கம் ஊற்றியவருடையது. குடாநாட்டில் யாழ்கோ என்ற பால் கூட்டுறவு இருக்கிறது. ஆனால் நம் அடுப்படிகளில் தேநீருக்குக் கரைவது நியூசிலாந்துப் பால்மா. கூட்டுறவு இங்கே இரவல் வாங்கிய யோசனை அல்ல. திருவிதாங்கூருக்குப் போன புகையிலைக்குத் தரகர் சொன்னதே விலை என்றிருந்த நாளில், யாழ்ப்பாணத்தார் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தார்கள். மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்தினார்கள். சங்கக்கடைகள் பின்னால் அரசியலிலும் பங்கீட்டு அரிசியிலும் சிக்கிப் பெயர் கெட்டது உண்மை. கூட்டுறவு என்றாலே முகம் சுளிப்பவரிடம் காரணம் இருக்கிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். சங்கங்களைக் கெடுத்தவற்றுள் முதன்மையானது, கணக்கு ஒருவர் கையில் மறைந்திருந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொலைபேசியில் பார்க்கிற கணக்கை மறைப்பது கடினம்.

இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இங்கே நில்லார், கனடாவுக்கோ கொழும்புக்கோ போய்விடுவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். பலர் போவார்கள். 2012 முதல் யாழ் கீக் சலெஞ்ச் போட்டியை நடத்திவரும் யாழ் ஐடி ஹப் போன்ற தன்னார்வ முயற்சிகளால் அந்த ஓட்டத்தை நிறுத்த முடியாது. ஆனால் போனவரையும் நின்றவரையும் ஒரே வேலையில் வைத்திருக்கலாம் என்று அவை காட்டியிருக்கின்றன. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து அமெரிக்கக் கம்பனிகளோடு போட்டியிடும் சோகோ மென்பொருள் கம்பனியைப் போல ஒன்று ஆனையிறவுக்கு வடக்கே வருமா என்று சோதிடம் சொல்வதைவிட, இப்போதே நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மாதக் கடைசியில் சில ஒழுங்கைக் கடைகளில் சீ.ஆர். கொப்பியின் ஒரு பக்கம் கைத்தொலைபேசியில் படமெடுக்கப்படுகிறது. ‘மெக்கானிக்கின்ர தாய்’ என்ற தலைப்போடு அது ரொறன்ரோவுக்குப் போகிறது. அங்கே வேலை முடிந்து வந்த மகன் கூட்டிப் பார்த்து, இரண்டாம் வரியில் பால்மா இரண்டு தரம் எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, மிச்சத்தை அனுப்புகிறார். கடைக்காரர் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டுகிறார். படம் ஓர் அமெரிக்கக் கம்பனியின் சேவையகத்தில் இருக்கிறது. கொப்பி இன்னும் லாச்சிக்குள்தான் இருக்கிறது.